தோள் அச்சு

வாளியில் கலவை மிஞ்சியிருந்தது. அப்படி மிஞ்சக் கூடாது. காலையில்தான் அச்சுக்குள் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கே பிளாஸ்டரைக் கரைத்திருந்தாள். இப்போது அச்சின் வாய்வரை ததும்பி நிற்கிறது, வாளியிலோ ஒரு குவளைக்குக் குறையாமல் கிடக்கிறது. மட்டம் இறங்கவும் இல்லை, கீழே ஒழுகவும் இல்லை. சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயின் கடகடப்பு, அறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை, சன்னலுக்கு வெளியே மதியம் தாண்டியதுமே கவிந்துவிட்ட இருட்டு. ஏற்கெனவே யாரோ உள்ளே இடம் பிடித்துவிட்ட மாதிரி, என்று நினைத்துத் தன்னையே கேலி செய்துகொண்டாள். துண்டு போட்டு இடம் பிடிக்க இது என்ன ரயில் பெட்டியா?

கடல் தாண்டி வந்திருக்கும் சிற்பி அவள். பழைய ஆலை ஒன்றை அறைகளாகத் தடுத்து, வெளிநாட்டுக் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய விட்டிருந்தார்கள். அதில் ஓர் அறை அவளுக்கு. வந்த நாளிலிருந்து ஒன்றும் உருப்படவில்லை. அந்தக் குளிரில் பிளாஸ்டர் இறுக மறுத்தது. உப்பைப் போட்டு அவசரப்படுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. சணல் வைத்தாள், துணி வைத்தாள், வெந்நீரில் கரைத்தாள், எல்லாம் ஊற்றிக்கொண்டது. "பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போய் அங்க என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கிளம்பும்போதே நாத்தனார் கேட்டிருந்தாள். கிழித்துக் காட்டாமல் ஊர் திரும்ப முடியாது. கடைசியில்தான் இந்த யோசனை வந்தது: குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், ஆனால் குழந்தை இல்லாமல். தன் உடம்பிலிருந்தே கை, இடுப்பு, தோள் என்று மூன்று அச்சுகள் எடுத்தாள். இன்று ஊற்றியது கை.

மறுநாள் அச்சைப் பிரித்தாள். முதல்முறையாக விரிசலில்லாத வார்ப்பு. ஆனால் மணிக்கட்டின் உட்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். அதுகூடப் பெரிதாக இருந்தது.

அன்று ஊரிலிருந்து கணவன் போனில் கூப்பிட்டான். "குட்டிக்கு வலது கை மரத்துப் போச்சாம். கிள்ளினாக்கூடத் தெரியலங்குறா."

"கைய மடக்கிப் படுத்திருப்பா. சரியாயிடும்."

சொன்னதை அவளே நம்பிவிட்டாள். பயம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. பல் பிடுங்கிய அன்று ஈறைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அதுவரை கண்காட்சியில் அவளை நடைபாதைச் சுவரில் ஒதுக்கிவிடும் யோசனையில் இருந்த பொறுப்பாளர் அம்மாள், வார்ப்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அந்தப் பள்ளங்களில் விரலை ஓட்டினார். அவர் பேச்சில் இவளுக்குப் பாதிதான் விளங்கும். நடுக்கூடம் உனக்குத்தான் என்றது மட்டும் முழுதாக விளங்கியது.

இடுப்பு அச்சில் அரை வாளி மிஞ்சியது. பிரித்தபோது ஒரு பக்கம் முழங்கால் குழி, பின்பக்கம் குதிகால் குழி, கால்விரல்கள்கூடத் தனித்தனியாக. அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்ததற்காக அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ரெண்டு காலும் போச்சு," என்றான் கணவன். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம். டாக்டருங்க முழிக்கிறாங்க. நீ கெளம்பி வாயேன்."

"கண்காட்சி முடிஞ்சதும் வந்துடறேங்க."

"ஒனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டான்.

"அம்மா, என்னத் தூக்கி வெச்சிருக்கியா?"

"இல்லடா கண்ணு. அம்மா தூரத்துலல்ல இருக்கேன்."

"தூக்கினியே. எறக்கி விடும்மா."

அவளுக்கு விளங்கிவிட்டது. சுத்தியலை எடுத்து வார்ப்புகளின் முன்னால் நின்றாள். உடைத்தால் அந்தக் கால்கள் என்ன ஆகும்? கீழே வைத்தாள். நல்ல சாக்கு. சாக்கு என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

தோள் அச்சு மேசையில் நின்றது. குழந்தை தூங்கும்போது கன்னத்தை வைத்துக்கொள்ளும் பக்கம். அச்சின் திறந்த வாயருகே காதைக் கொண்டுபோனாள். உள்ளிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, கொஞ்சம் சளி கட்டிய மூச்சு. நின்று, வந்து, நின்று, வந்து.

ஊற்றாவிட்டால் குட்டிக்கு இனி ஒன்றும் ஆகாது. ஊற்றாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பயமும் வேறு யாருடையதோபோல எங்கோ தள்ளி நின்றது.

அவள் கைகள் பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் தூவத் தொடங்கியிருந்தன.

போன் ஒலித்தது. பிளாஸ்டர் படிந்த கட்டைவிரலால் தொட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். தலையணையில் ஒரு சின்ன முகம்.

வாளியைத் தூக்கினாள். சாய்த்தாள்.

"அம்மா, தோள்கிட்ட ஜில்லுனு இருக்கு."

ஊற்றத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வார்ப்பில் கோடு விழும்.

"அம்மா, கழுத்து. கழுத்துக்கு வருது."

மெல்லிய தாரை. அறுபடாமல்.

"அம்மா..."

கணவனின் குரல். யாரையோ கூப்பிட்டு அலறுகிறான். செருப்புச் சத்தங்கள். திரை கவிழ்ந்தது. இருட்டு.

அச்சு நிரம்பியது. வாளியில் பாதிக்கு மேல் மிச்சம்.

மேலே ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று.

குமிழி வந்தால் அச்சைத் தட்ட வேண்டும். உள்ளங்கையால், மெதுவாக, ஒரே சீராக. தட்டினாள். இன்னொன்று வந்தது. தட்டினாள். பிறகு பெரிதாக ஒன்று. அது உடையவில்லை. உள்ளே இறங்கியது. மறுபடி உப்பியது. இறங்கியது. உப்பியது.

பிளாஸ்டர் சூடேறி இறுகத் தொடங்கியது. உப்பிய குமிழி உப்பியபடியே நின்றுவிட்டது.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.