ஏழாம் அறையில் தங்காதவன்

ரிசப்ஷன் மேஜையில் டெலிபோன் அலறியது.

ஐந்து முறை... ஆறு... ஏழு...

ஒர்னெல்லா எடுக்கவில்லை. எதிரே நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடி ஏறி வந்தவன். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"போனை எடுங்க," என்றான் அவன்.

"எடுப்பேன். முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

"ஏழாம் நம்பர். எத்தோரே மஸ்ஸா."

"ஏழாம் நம்பர் நேத்து ராத்திரி வரவே இல்லையே, சார்."

"வந்தேன்."

"வரலை."

"நான் வந்ததா நீங்க சொல்லப் போறீங்க."

ஒர்னெல்லாவுக்கு அறுபது வயது. முப்பத்தோரு வருடமாகத் தன் ஹோட்டலில் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பொய் சொல்லுகிறவர்களின் கைகளைப் பார்ப்பது அவள் வழக்கம். இவன் கைகள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

போனை எடுத்தாள்.

"ஹோட்டல் பெலாஜியா... ஆமா, இன்ஸ்பெக்டர்... தாராளமா வாங்க. லிஃப்ட் ரிப்பேர், படியில வாங்க."

வைத்தாள்.

"போலீஸ். கால் மணி நேரத்துல வர்றாங்க. நேத்து ராத்திரி எத்தோரே மஸ்ஸான்னு ஒருத்தர் இங்க தங்கினாரான்னு கேக்கணுமாம்."

எத்தோரே வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணிக்கு அவன் ஜெனோவாவில் இல்லை. எண்பது கிலோமீட்டர் வடக்கே, அலெசாண்ட்ரியாவில், தன் டைல்ஸ் குடோன் மாடிப்படியில் நின்றிருந்தான். அவனுடைய கூட்டாளி சில்வானோவும் அதே படியில்தான் நின்றிருந்தான்.

எத்தோரே இரண்டு கைகளாலும் தள்ளும் வரை!

அதற்கான ஏற்பாடு மதியமே முடிந்திருந்தது. ஜெனோவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஆன்லைனில் அறை பிடித்தான். அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பதிலுக்கு நான்கு இலக்க எண் வந்தது. கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. எண்ணை அழுத்தினால் திறக்கும். உள்ளே சாவி. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

ஒர்னெல்லா அவன் பெயரைப் போலீஸ் இணையதளத்தில் ஏற்றினாள். எல்லா ஹோட்டலும் ஏற்றியாக வேண்டும். 'எத்தோரே மஸ்ஸா, அறை 7, செவ்வாய்.'

அந்த ஒரு வரிதான் இப்போது அவனுக்கு உயிர்.

பெட்டியை அவன் திறக்கவே இல்லை.

"கேளுங்க, மேடம்," என்றான். "வர்ற ஆளோட முகத்தைப் பாத்து, அட்டையைப் பாத்து, அப்புறம்தான் பேரை ஏத்தணும். அதுதான் சட்டம். நீங்க பாக்காமலே ஏத்திட்டீங்க. நான் வாயைத் திறந்தா உங்க லைசென்ஸ் போயிடும்."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"நீங்க ஏற்கெனவே சொல்லியாச்சு. எழுத்துல. இப்ப வாயால சொல்லுங்க, போதும்."

"என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணு விஷயம்."

"பொண்ணு விஷயத்துக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் ரெப்பெத்தோ மாடி ஏற மாட்டார். அவருக்கு முட்டி வலி."



ஒர்னெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டினாள்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"பாத்தேன்னு சொல்றேன். எத்தனை மணிக்கு வந்தீங்க?"

எத்தோரே அரை மணி நேரம் மிரட்டத் தயாராக வந்திருந்தான். அவள் அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டாள்.

அது அவனுக்குப் பிடிக்கவில்லை!

"ஏழு மணிக்கு," என்றான் மெதுவாக. "அப்புறம் வெளியே போகவே இல்லை. முக்கியமா ஒன்பதரை மணிக்கு ரூம்லதான் இருந்தேன்."

"ஒன்பதரையா?"

"ஏன்?"

"நல்ல நேரம்." அவள் தலையசைத்தாள். "நான் அனுப்பின மெசேஜ், அந்த நம்பர்... போன்ல இருக்கா?"

"அழிச்சுட்டேன். நேத்தே."

"நல்லது. நானும் பெட்டியைக் கழட்டிட்டேன்."

"எப்போ?"

"விடியக்காலையில."

"ஏன்?"

"துருப் பிடிச்சிருந்துச்சு."

எத்தோரே அவளை உற்றுப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. காலி அறை மாதிரி இருந்தது.

"ரூம்ல என்ன இருக்குன்னு கேப்பார்," என்றாள் அவள். "ஒத்தக் கட்டில். ஜன்னல்ல துறைமுகம் தெரியும். பாத்ரூம் குழாய் சொட்டும். ஒன்பதரைக்கு சார்தீனியா போற கப்பல் ஊதும். கட்டில் ஆடும்."

"சரி."

"அதே நேரத்துல பக்கத்து ரூம்ல, ஆறுல, சத்தம். ஏதோ சண்டை மாதிரி. கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

"கேக்கலைன்னு சொன்னா என்ன?"

"செவுரு அட்டை மாதிரி, சார். கேக்கலைன்னா, அங்க இல்லைன்னு அர்த்தம்."

நியாயமாகத்தான் இருந்தது. ஒன்பதரை மணிக்கு ஒரு சத்தம்! அந்த அறையில் இருந்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய சத்தம்! எத்தோரேவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"ஆறுல யாரு?"

"எஜீதியோன்னு ஒருத்தர். சோப்பு, போர்வை சப்ளை பண்றவர். இந்த மாடியில நேத்து அவரும் நீங்களும்தான். நவம்பர்ல யார் வர்றா?"

"அவர் என்னைப் பாக்கலைன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டார்."

"எப்படித் தெரியும்?"

"யாரைப் பத்தியும் எதுவும் சொல்ல மாட்டார்... இப்பல்லாம்."

அவள் குனிந்தாள். கீழ் இழுப்பறையைத் திறந்தாள். மேஜைத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை வெளியே எடுத்தாள். துணியை விரித்தாள்.

சாவி. அதில் ஒரு பித்தளைக் குண்டு. ஆரஞ்சுப் பழம் அளவு. மேலே '7' என்று செதுக்கியிருந்தது. கீழே அடர்சிவப்புக் குஞ்சம்.

"பிடிங்க."

"எதுக்கு?"

"தங்கினவர்தானே சாவியைத் திருப்பித் தரணும்? இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி தாங்க. நான் வாங்கிப் பலகையில மாட்டுறேன். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எத்தோரே வாங்கினான். அரைக் கிலோ இருக்கும். சில்லென்று இருந்தது. குஞ்சம் ஈரமாக இருந்தது.

"ஈரமா இருக்கே?"

"கழுவினேன்."

"எல்லாச் சாவியையும் கழுவுவீங்களா?"

"அழுக்கானதை மட்டும்."

படியில் காலடி கேட்டது!

இன்ஸ்பெக்டர் ரெப்பெத்தோ மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். ஒரு கையில் எண்ணெய்க் காகிதத்தில் ஃபொக்காச்சா ரொட்டி. இன்னொரு கையில் காகிதக் கோப்பையில் கப்புச்சினோ. பின்னால் ஓர் இளம் கான்ஸ்டபிள்.

"லிஃப்ட் எப்போ கெட்டுச்சு, மேடம்?"

"என் கல்யாணத்தன்னிக்கு."

"ரெண்டுல எது முதல்ல சரியாகும்?"

"ரெண்டையும் கைவிட்டாச்சு, இன்ஸ்பெக்டர்."

அவர் ரொட்டியைக் காப்பியில் முக்கி ஒரு கடி கடித்தார். எத்தோரேயைப் பார்த்தார்.

"நீங்கதான் மஸ்ஸாவா? இங்கேயே இருக்கீங்க, நல்லது. உங்க கூட்டாளி செத்துட்டார். தெரியுமில்ல?"

"காலையில போன் வந்துச்சு. இன்னும் கை நடுங்குது."

"ஒன்பதரைக்கு. படியில உருண்டு. பக்கத்துக் கடைக்காரர் சத்தம் கேட்டிருக்கார். அலெசாண்ட்ரியாக்காரங்களுக்கு உங்க மேல ஒரு கண்ணு. எனக்கு ஒண்ணும் கிடையாது. எனக்கு முட்டி வலி மட்டும்தான். சொல்லுங்க, மேடம்... இவர் இங்கதான் தங்கினாரா?"

எத்தோரேயின் விரல்கள் பித்தளையை இறுக்கின.

"இங்கதான்," என்றாள் ஒர்னெல்லா. "ஏழு மணிக்கு வந்தார். அட்டையை வாங்கினேன். முகத்தைப் பாத்தேன். போட்டோவுல இதைவிட நல்லா இருக்கார்னு நினைச்சேன்."

"வெளியே போனாரா?"

"எங்க ஹோட்டல்ல வெளியே போறவங்க சாவியை இங்க மாட்டிட்டுத்தான் போகணும். பலகையில ஏழு ராத்திரி முழுக்கக் காலி."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட!" என்றான் எத்தோரே. உயர்த்திக் காட்டினான். "இதோ! ராத்திரி முழுக்க என் கையை விட்டுப் போகலை."

"ஒரு நிமிஷம் கூட?"

"ஒரு நிமிஷம் கூட!"

"வேற யாரும் தொடலை?"

"யாரும் தொடலை. சத்தியமா!"

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். இன்னொரு துண்டு முக்கினார்.

"ஒன்பதரைக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"படுத்திருந்தேன். கப்பல் ஊதுச்சு. கட்டில் ஆடுச்சு. அப்போ பக்கத்து ரூம்ல ஏதோ சண்டைச் சத்தம்."

"டிவியா இருக்கும்."

"இல்லை இல்லை. ஆளுதான். நல்லாக் கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

"முடிஞ்சுது. அலெசாண்ட்ரியாவுக்குச் சொல்லிடறேன். சாட்சி பலமா இருக்கு."

எத்தோரே அரை நாளாக அடக்கியிருந்த மூச்சை விட்டான். சாவியை மேஜை மேல் வைக்கப் போனான்.

"இருங்க, சார், ஒரு கையெழுத்து," என்றாள் ஒர்னெல்லா. கொஞ்சமும் அவசரப்படாமல் தாளைத் தேடினாள். தேடிக்கொண்டே உள்பக்கம் குரல் கொடுத்தாள்.

"யெசேனியா! ஆறாம் நம்பர் ரூமைப் பெருக்கிட்டியா?"

"கதவு தட்டினேன், அம்மா. சத்தமே இல்லை!"

"மணி பத்தாகுது. உன் சாவியைப் போட்டுத் திற."

காலையில் மட்டும் அறை பெருக்க வரும் அந்த ஈக்வடார்க்காரப் பெண்ணின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. பூட்டு திரும்பியது.

பிறகு...

"ஆஆஆ...!"

இன்ஸ்பெக்டரின் கப்புச்சினோ தரையில் கொட்டியது.

எஜீதியோ கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். ஒரு காலில் ஷூ. பின்மண்டையில் உருண்டையாக ஒரு பள்ளம். சுற்றிலும் காய்ந்த ரத்தம்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். முட்டி வலியை மறந்திருந்தார். பள்ளத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். வாசலில் நின்ற எத்தோரேயின் கையைப் பார்த்தார்.

எத்தோரேயும் தன் கையைப் பார்த்தான்.

ஆரஞ்சுப் பழம் அளவு.

"அதை இப்படிக் குடுங்க, சார்."

எண்ணெய்க் காகிதத்தால் குண்டை வாங்கினார். குஞ்சத்தைக் காகிதத்தின் காய்ந்த மூலையில் வைத்து அழுத்தினார். வெள்ளையில் மங்கலான சிவப்பு பரவியது.

"சாயம் போகுதா, மேடம்?"

"முப்பத்தோரு வருஷமாப் போகலையே, இன்ஸ்பெக்டர்."

கான்ஸ்டபிள் எத்தோரேவுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"மாடியில ரெண்டே பேர்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒருத்தர் செத்துட்டார். சண்டைச் சத்தம் ஒன்பதரைக்குன்னு நீங்களே சொன்னீங்க. சாவி உங்க கையை விட்டுப் போகலைன்னும் நீங்களே சொன்னீங்க. சத்தியம் வேற பண்ணினீங்க."

"நான் இல்லை! நான் இங்க இல்லவே இல்லை!"

"என்னது?"

"நேத்து நான் இங்க வரவே இல்லை! இந்தப் பொம்பளை பொய் சொல்றா! என்னை இவ பாத்ததே கிடையாது! கீழ ஒரு இரும்புப் பெட்டி... சாவி அதுக்குள்ள..."

"பெட்டியா?" இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

"தபால் பெட்டிதான் சார் இருக்கு. வேற எதுவும் பாக்கலை."

"நம்பர் மெசேஜ் வந்துச்சு! போன்ல..."

எத்தோரே நிறுத்தினான். போனை எடுத்த கை பாதியில் நின்றது.

ஒர்னெல்லா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். குரலில் கரிசனம் வழிந்தது.

"பாவம், அதிர்ச்சியில உளர்றார். நீங்க இங்க இல்லைன்னா சொல்லிடுங்க, சார். யாரும் கட்டாயப்படுத்தலை. அப்போ எங்க இருந்தீங்கன்னும் சேத்துச் சொல்லிடுங்க."



எத்தோரே வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

ஒரு பக்கம் செய்த கொலை. இன்னொரு பக்கம் செய்யாத கொலை. நடுவில் நிற்க இடமே இல்லை!

"ஒன்பதரைக்கு நீங்க ஒரு இடத்துல இருந்துதான் ஆகணும், மஸ்ஸா," என்றார் இன்ஸ்பெக்டர். "எந்த ஊருன்னு கார்ல யோசிச்சுக்கலாம். எப்படியும் போற இடம் ஒண்ணுதான். நடங்க."

விலங்கு 'க்ளிக்' என்றது.

படியில் காலடிகள் இறங்கித் தேய்ந்தன. ஆறாம் அறை வாசலில் வேறொரு போலீஸ்காரனை வரவழைத்து நிறுத்தினார்கள். யெசேனியா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள்.

ஒர்னெல்லா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால், மார்ச்சில், எஜீதியோ போர்வைக் கட்டோடு வந்தபோது அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டார். போட்டோ எடுத்தார். அன்றிலிருந்து ஆறாம் அறை அவருடையது. இலவசமாக. காலைக் காப்பி படுக்கைக்கே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துத் தர வேண்டும். போலீசுக்குப் போகாமல் இருப்பதற்கு!

நேற்று இரவு ஹோட்டலை அவர் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார்.

ஒர்னெல்லா யோசிக்கக் கீழே இறங்கினாள். ஏழாம் நம்பர் வந்துவிட்டாரா என்று பெட்டியைத் திறந்தாள். சாவி அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். எஜீதியோ முதுகைக் காட்டிக் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கப்பல் ஊதியது.

ஒரே அடி.

விடிய விடிய உட்கார்ந்து யோசித்தாள். பெட்டியைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு வந்தும் யோசித்தாள். மாடியில் அவளைத் தவிர வேறு யாருமே இல்லை. எப்படித் தப்பிப்பது?

அப்போதுதான் மூன்று மாடி ஏறி வந்தான் ஒருவன். ஏழாம் அறையில் தங்கியதாகச் சொல்லச் சொல்லி அவளையே மிரட்டினான்!

டெலிபோன் அலறியது.

இந்த முறை ஒரே மணியில் எடுத்தாள்.

"ஹோட்டல் பெலாஜியா... ரூமா? இருக்கு, மேடம்... சத்தமில்லாத ரூம்தான் வேணுமா?"

தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணுல நேத்து ஆளே தங்கலை. இன்னொண்ணுல தங்கினவர் மூச்சுக்கூட விடலை!"