கோடி ரூபாய்ப் பரண்!

போன் அடித்தது.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் அடித்தது!

இந்தப் பக்கம் நின்றிருந்த காஞ்சனா தன் செல்லைக் காதிலிருந்து எடுத்தாள். கணவன் உமாபதிக்கு அவள்தான் போன் போட்டிருந்தாள். மணி கேட்கிறது... எடுக்கிற ஆளைக் காணோமே?

"யோவ்... கோவம் இன்னும் தீரலியா? எடுய்யா போனை!"

மணி அடித்து ஓய்ந்தது.

பூட்டின் மேல் கட்டைவிரலை வைத்தாள். 'டிங்' என்று கதவு திறந்தது.

அடுத்த விநாடி... சித்தூர் பஜார் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல்!

உமாபதி மரப்படிக்குக் கீழே குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்து, ரத்தம் காய்ந்து கறுத்து...

அதைச் சுற்றி எறும்பு வரிசை!

அந்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உமாபதியின் தாத்தா நடத்திய வெல்ல மண்டி அது. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்கு உத்தரம். மூட்டை தூக்கிய கப்பிகூட அப்படியே இருக்கிறது. இப்போது அதில் விளக்கு தொங்குகிறது. உமாபதி எல்லாவற்றையும் இழைத்து, மெருகேற்றி, பாதி உயரத்தில் மரத்தளம் அடித்து, மேலே கட்டிலைப் போட்டு, 'ஹெரிடேஜ் லாஃப்ட்' என்று போர்டு மாட்டினான்.

நம்மூரில் அதற்குப் பேர் பரண். பூனை படுத்தால் சும்மா. மனுஷன் படுத்தால் கோடி ரூபாய்!

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் யசோதா வந்து இறங்கினாள். தெலுங்கில் யோசித்துத் தமிழில் திட்டுகிற ரகம்.

"கேமரா எங்கய்யா?"

கான்ஸ்டபிள் ஏழுமலை தலையைச் சொறிந்தார். "வெக்கல மேடம். பழைய அழகு கெட்டுப்போவும்னாராம்."

"சரே... இப்போ அழகாத்தான் இருக்கு!"

டாக்டர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "நேத்து மத்தியானம் செத்திருக்கணும். கனமான இரும்பால ஒரே அடி."

யசோதாவின் கண் ஜன்னலோர அலமாரிக்குப் போனது. மண்டியின் பழைய இரும்பு எடைக்கற்கள், அலங்காரத்துக்காக வரிசையாக அடுக்கியிருந்தன. ஓரத்தில் மட்டும் தூசி படியாத ஒரு வட்டம்...

பெரிய கல் இல்லை!

"கதவு எத்தனை பேர் விரலுக்குத் தொறக்கும்?"

"அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் மேடம்" என்றாள் காஞ்சனா. சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நேத்து காலையில சண்டை. தெருவே கேட்டிருக்கு. எதுக்கு?"

"எறும்புக்கு!"

"ஏமி?"

"ஆமா மேடம். நூறு வருஷம் வெல்லம் குடிச்ச செவுரு. இன்னா பெயிண்ட் அடிச்சாலும் எறும்பு வந்துகினேதான் இருக்குது. சோத்துல எறும்பு, தலகாணில எறும்பு! 'நீயே உன் பரண்ல கெட'ன்னு சொல்லிட்டு, கங்காதர நெல்லூருக்கு எங்க நைனா வூட்டுக்குப் போயிட்டேன்."

"எப்போ? எதுல?"

"மத்தியானம்... பஸ்ல."

"டிக்கெட்?"

"பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே மேடம்! ஃப்ரீ டிக்கெட்டை எவ முந்தானையில முடிஞ்சு வெப்பா?"

யசோதா உதட்டைப் பிதுக்கினாள். சண்டை இருக்கிறது. விரல் இருக்கிறது. சாட்சி இல்லை. கைவிலங்குக்கு இது போதுமே!

அப்போது வாசலில் ஒரு வாடகைக் கார் கிறீச்சிட்டு நின்றது.

"ஐயோ தம்பீ...!"

மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தவர் வேதாச்சலம். உமாபதியின் பெரியப்பா மகன். நெற்றியில் பெரிய நாமம். படிய வாரிய அடர்ந்த கறுப்பு முடி.

"மேடம், விசாரணையே வேணாம். இந்தப் பொம்பளதான்! இழுத்துக்கினு போங்க!"

யசோதாவின் புருவம் ஏறியது. வாங்குகிறவன் கேட்பதற்கு முன்னாலேயே விலை சொல்கிறவனிடம் சொத்தைச் சரக்கு இருக்கும். பஜாரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"நீங்க நேத்து எங்க இருந்தீங்க?"

"காலையிலயே குடும்பத்தோட திருப்பதிக்குக் கெளம்பிட்டேன். இன்னிக்குக் காலையில மலையில தரிசனம். கண்ணு நிறையப் பெருமாளப் பாத்துட்டு வெளிய வரேன்... இவ போன் பண்றா, செத்துட்டான்னு! வூட்டுக்காரியும் பையனும் பின்னால வந்துகினு இருக்காங்க. நான் தனிக் கார் புடிச்சு ஓடியாந்தேன்."

"பொய்யி!" காஞ்சனா எழுந்தாள். "மேடம், தாத்தா மண்டியில இவருக்கும் பாதி பங்கு இருந்திச்சு. இடிஞ்ச செவுரு எனக்கு எதுக்குன்னு எங்க வூட்டுக்காரரு தலையில கட்டிட்டாரு. இப்ப லாஃப்ட் வெலையக் கேட்டதுலேர்ந்து வயிறு எரிஞ்சுகினு கெடந்தாரு. நான் ஜெயிலுக்குப் போனா மண்டி மறுபடியும் பங்காளி கைக்குப் போவும். அதுக்குத்தான் இந்த ஒப்பாரி!"

"வாயை மூடு! விரல் உன்னுது, நான் எப்படி உள்ள வர முடியும்?"

"உள்ள இருக்கறவரு தொறந்தா எமன்கூட வரலாம் மாமா! வெளிய போயி சாத்தினா தானா பூட்டிக்கும்! பொய் சத்தியம் பண்றவன வுடாத காணிப்பாக்கம் புள்ளையாரு முன்னால குளிச்சு எழுந்து நான் சத்தியம் பண்றேன். நீ பண்ணுவியா? வா, இப்பவே வா!"

வேதாச்சலம் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார்.

"பாத்தீங்களா மேடம், புத்தி கெட்டவ! பொணம் கெடக்குது, கோயிலுக்குக் கூப்பிடறா! நாங்க பங்காளிங்க. தீட்டு! காரியம் முடியற வரைக்கும் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கக் கூடாது. மலைக்கு ஒரு வருஷம் போவக் கூடாது."

"ஓஹோ! ஆனா உங்க தம்பி நேத்தே செத்தாச்சு. இன்னிக்குக் காலையில மலை ஏறியிருக்கீங்களே... அது தப்பில்லையா?"

"தெரியாதவனுக்கு இன்னா தீட்டு மேடம்? காதுல விழுந்ததுலேர்ந்துதான் தீட்டு. சாவு தெரிஞ்சவன் ஏறினாத்தான் பாவம். எங்க வம்சத்துல எவனும் அப்படி ஏற மாட்டான்!"

"நீங்களும்?"

"தலையே போனாலும்!"

அந்த வார்த்தையை அவர் கொஞ்சம் அதிகப்படியான பெருமையோடு சொல்லிவிட்டார்.

வெளியே ஹார்ன் சத்தம். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. வேதாச்சலத்தின் மனைவி சந்திரம்மா அழுதுகொண்டே இறங்கினாள். காரை ஓட்டி வந்த மகன் பவன்குமார்... பளபளவென்று மொட்டை, சந்தனம் பூசிய மண்டை.

யசோதா மொட்டையைப் பார்த்தாள். வேதாச்சலத்தின் அடர்ந்த முடியைப் பார்த்தாள்.

"அம்மா, வேண்டுதல் பையனுக்கா?"

"இல்லீங்க மேடம், இவருதான் வேண்டிக்கினாரு. நேத்து விளக்கு வெச்ச பிறகு கெளம்பினோம்..."

"காலையிலயே கெளம்பினதா சொன்னாரே?"

வேதாச்சலம் இருமினார். சந்திரம்மா அழுகை வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"எங்க காலையில? ராத்திரிக்குத்தான் திருப்பதியில ரூம் போட்டோம். விடிஞ்சு மலையடிவாரத்துல அலிபிரி வரைக்கும் வந்தாரு. மலையைப் பாத்தாரு. கண்ணுல தண்ணி! 'நான் வரல, நீங்க போங்க. முடியை பவன் குடுக்கட்டும்'னு எறங்கிட்டாரு. ஆட்டோ ஏறி ரூமுக்குப் போயிட்டாரு. கேட்டா கால் வலியாம்!"



எறும்பு ஊர்வதுகூடக் கேட்டிருக்கும்!

யசோதா மெல்ல நெருங்கினாள். "பெருமாளைக் கண்ணு நிறையப் பாத்ததா சொன்னீங்க. பாக்கலை. சாவு தெரிஞ்சவன்தான் மலை ஏறக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. இந்தப் பொண்ணு பிணத்தைப் பாத்ததே இன்னிக்கு மத்தியானம். விடியக்காலையில உங்க காதுல சொன்னது யாருங்க?"

"கா... கால் வலி மேடம்!"

"வேண்டுதல் வெச்சவனை கால் வலி தடுக்குமா? சரே, கால் வலின்னே வெச்சுக்குவோம்." சந்திரம்மா பக்கம் திரும்பினாள். "கால் வலிக்காரரு இல்லாம எப்படிம்மா மேல போனீங்க?"

"காரை அலிபிரில நிறுத்திட்டு பஸ்ல போங்கன்னாரு. பஸ்ல ஏறினா எனக்கு வாந்தி வரும். அதான் பவன் காரையே ஓட்டிக்கினு..."

"காரா!"

வேதாச்சலம் போட்ட சத்தத்தில் ஏழுமலையின் லத்தி கீழே விழுந்தது.

"காரை மேல கொண்டு போனியா? அடிப்பாவி! பஸ்ல போவச் சொன்னேனே! ஐயோ பெருமாளே... அதுவா மலை ஏறிச்சு!"

"எது மலை ஏறிச்சு?" என்றாள் யசோதா.

வேதாச்சலம் வாயைப் பொத்திக்கொண்டார். பேரத்தில் ஒரு முறை வாய் விட்டால் விட்டதுதான்.

"ஏழுமலை... டிக்கியைத் தொற!"

ஏழுமலை ஓடினார். பவன்குமார் மிரண்டுபோய்ச் சாவியை நீட்டினான். ஸ்டெப்னி டயருக்குக் கீழே ஒரு கோணிப்பை. கோணிக்குள்ளே...

இரும்பு எடைக்கல்! காய்ந்த ரத்தம். அதன் மேல் அலமாரியில் இருந்தபோதே குடியேறிவிட்ட நாலைந்து எறும்பு!

சந்திரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பவன்குமார் சந்தன மண்டையைப் பிடித்துக்கொண்டு தந்தையையே பார்த்தான். அந்தப் பார்வைதான் வேதாச்சலத்தை உடைத்தது.

"பாதி பங்கு திருப்பிக் குடுடான்னு கெஞ்சினேன் மேடம். சிரிச்சான். 'உனக்குப் பரண் எதுக்கு, தின்ன சோறு செரிக்கலியா'ன்னான். கை தானா கல்லு மேல போயிடிச்சு. ஊருக்குள்ள எறியப் பயம். வழியில எறியலாம்னா வண்டி நிறையக் குடும்பம். இவங்க பஸ் ஏறின பின்னால, பார்க்கிங்ல ஆள் இல்லாத நேரமா பாத்து எடுத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போன் வந்திடிச்சு..." மலை இருக்கிற திசையைப் பார்த்து அழுதபடி கும்பிட்டார். "நான் ஏறலை மேடம். அந்தப் பாவத்தை மட்டும் நான் பண்ணலை!"

ஒருவனைக் கொன்றதற்கு அழாத மனுஷன், கல் மலை ஏறியதற்கு அழுதான்.

காஞ்சனா சுவரில் சாய்ந்தாள். சுண்ணாம்புச் சுவரில் ஓர் எறும்பு அவள் கைமேல் ஏறியது. முதல் முறையாக அதை அவள் தட்டிவிடவில்லை.

ஏழுமலை கோணியோடு வந்தார். "மேடம், கொன்னவரு பயபக்தியா கீழயே நின்னுட்டாரு... கல்லு மட்டும் மலைக்குப் போயி வந்திருக்குது!"

விலங்கு மாட்டிய வேதாச்சலம் ஜீப்பின் முன்னால் தயங்கி நின்றார். சந்திரம்மாவையும் மகனையும் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

யசோதா அவர் முதுகில் கை வைத்து, ஒரே தள்ளு!

"மலையில கேக்காம தப்பிச்சுட்டீங்க இல்ல? இங்க கேட்டுக்கோங்க... ஜருகண்டி! ஜருகண்டி!"