ஒன்பது கிலோ

காலை ஆறரைக்கு நடேசன் பூங்காவில் நடந்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் நுழைந்த சந்திரிகாவை, கூடத்து நாற்காலியிலிருந்து மாமியார் தங்கம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"புருஷன் ஒரு டம்ளர் தண்ணியை முழுசாக் குடிக்க வழியில்லாமக் கெடக்கான். ஏட்டி, நீ ஒடம்பக் குறைச்சு யாருக்குக் காட்டப் போற?"

சந்திரிகா அடுப்படிக்குப் போய் மாமியாருக்கு மட்டும் காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். தங்கம் அதைத் தொடவில்லை.

சந்திரிகாவின் கணவன் பாலகணேஷுக்கு உஸ்மான் ரோட்டில் மூன்று மாடித் துணிக்கடை. போன வருடம் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தன்னுடையதை எடுத்துக்கொள்ளும்படி தங்கம் டாக்டரிடம் மன்றாடினாள். எழுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி வேறு, முடியாது என்றுவிட்டார். சந்திரிகா தன்னுடையதைத் தருகிறேன் என்றபோது மறுத்தது பாலகணேஷ்.

"ரெண்டு பேரும் படுத்துட்டா மகேஷுக்கு யாரு இருக்கா? இனி இந்தப் பேச்சை எடுக்காத."

மகேஷ் கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிற மகன்.

அவள் பேச்சை எடுக்கவில்லை. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். ரத்தம் பொருந்தியது, எடைதான் பொருந்தவில்லை. எண்பத்து நாலு கிலோ. எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பேசலாம், பட்டினி கிடந்தோ மாத்திரை விழுங்கியோ வரக்கூடாது என்று டாக்டர் சொல்லி, நாலு மாதம் கெடு வைத்தார்.

இருபத்திரண்டு வருடமாக அவள் சாப்பிட்டது கடை அடைத்து எல்லோரும் வந்த பிறகுதான். பாத்திரத்தில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். அந்த வழக்கத்தை விட்டாள். ஏழு மணிக்குள் காய் நிறைய வைத்து, ஒரு கரண்டி சோற்றோடு முடித்துக்கொண்டாள். அஞ்சு காபி இரண்டாயிற்று, அதிலும் சர்க்கரை இல்லை. கடையில் லிப்டை விட்டுப் படியேறினாள். பத்து மணிக்குப் படுக்கை.

முதல் மூன்று வாரம் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் மைசூர்பாகுத் தட்டு எதிரே வந்தபோது எழுந்து வெளியே போய் நின்றாள். ஆறாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணைச் சுழற்றும் தூக்கம் வரவில்லை என்பதைக் கவனித்தாள். சேலைக் கட்டைச் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறினாள். தங்கத்தின் கண்ணில் அதுவும் குற்றமாகவே பட்டது.

"ஏழு மணிக்கே தின்னுட்டுத் தட்டைக் கழுவிக் கவுத்திடுதா. முகத்துல ஒரு தெளிச்சி வேற. அடுத்த வாழ்க்கைக்குத் தயாராகுதா போல," என்று வடபழனியிலிருந்த மகளிடம் போனில் சொன்னாள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சந்திரிகாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அதையும் தாங்கினாள். பாலகணேஷ் ஒருநாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்லதுதான் சந்திரி. இனிமே கடையைப் பாக்கப் போறது நீதான... ஒடம்பைத் தேத்திக்கோ."

அவன் மனம் நோகச் சொல்லவில்லை. அவளைப் பாராட்டித்தான் சொன்னான். சந்திரிகா குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாலாவது மாத முடிவில், டயாலிசிஸ் நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டு, தங்கத்தைத் துணைக்கு இருத்திவிட்டு, ஆஸ்பத்திரியின் மாடிக்குப் போனாள். எடை எந்திரத்தில் ஏறி நின்றாள். உறுப்பு மாற்றுப் பிரிவில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் கமர் ஜஹான் குனிந்து பார்த்தாள்.

"எழுபத்து நாலு, எண்ணூறு. ஒம்பது கிலோக்கு மேலயே குறைச்சுட்டீங்கம்மா. டாக்டர் இனி ஒண்ணும் சொல்ல முடியாது."

சந்திரிகா இறங்கித் திரும்பினாள். வாசலில் தங்கம் நின்றிருந்தாள். மருமகள் எங்கே போகிறாள் என்று பார்க்கப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"இங்க ஒனக்கு என்ன சோலி?"

"வீட்ல சொல்லலையா?" என்று கமர் ஜஹான் விழித்தாள். பிறகு, "கிட்னி குடுக்கத்தான்மா உங்க மருமக எடையைக் குறைச்சாங்க," என்றாள்.

தங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா நான் என்ன பேச்செல்லாம் பேசினேன்... ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"குறையலைன்னா என்ன செய்ய அத்தை? அவங்களுக்கு ஒரு கிட்னி கிடைச்சிட்டுன்னு உங்களுக்கு ஆசை காட்டிட்டு, பெறவு இல்லேன்னு எந்த வாயால சொல்ல?"

தங்கம் மருமகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் வயிற்றில் முகம் புதைத்து அழுதாள். சந்திரிகா அந்த நரைத்த தலையில் கை வைத்தபடி நின்றாள். கோபம் முழுவதும் போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கையை எடுக்கவில்லை.

மூன்று பேருமாகக் கீழே இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும் பாலகணேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. அதனாலதான் உங்ககிட்ட மறுபடி கேக்கல."

"ஏல கணேசு," என்றாள் தங்கம். "இவளை நான் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேன். நீயும் வேணாம்னு சொல்லி இவளை வெறுங்கையா அனுப்பினா, நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டுல இருக்க?"

பாலகணேஷின் ஊசி குத்திய இடது கை அசையாமல் கிடந்தது. மனைவியின் கழுத்தெலும்பையும், தொளதொளத்துப் போயிருந்த ரவிக்கைக் கையையும் அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"ரொம்பப் பசிச்சுதா சந்திரி?"

"முதல் மாசம் பசிச்சுது," என்றாள். "அப்புறம் பழகிட்டு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வலது கையைக் கமர் ஜஹானிடம் நீட்டினான்.

"எங்க கையெழுத்துப் போடணும்மா?"