கம்பி கடித்த கிளை

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை முதல் இடைவிடாது பெய்த மழை பிற்பகல் ஒரு மணிக்கு ஓய்ந்தது. ஆயினும் வானம் வெளுக்கவில்லை. காவிரிப் பாலத்தைப் பேருந்தில் கடந்தபோது, ஆற்றின் மறுகரை புகை மூடியதுபோல் மங்கிக் கிடந்தது.

என் பெயர் வீரமலை. வசிப்பது திருவெறும்பூரில். தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வெல்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தற்போது வீடுகளுக்குச் சென்று போன்சாய் மரங்களைப் பராமரித்து வருகிறேன். நெருப்பின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்த நான் எளிதில் அஞ்சுபவன் அல்லன் என்பதை முதற்கண் கூறிவிடுகிறேன்.

அன்று நான் சென்றது திருவரங்கத்தில், மேல உத்திர வீதியில் உள்ள ஒரு மாடி வீட்டிற்கு. அவ்வீட்டுப் பெரியவர் சாரங்கபாணியின் மகள் மாலினி, மூன்று நாட்களுக்கு முன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"அம்மாவோட மரம் சாகப்போறது அங்கிள். அதுவும் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டார். எப்படியாவது காப்பாத்திக் கொடுங்கோ."

கதவைத் திறந்த சாரங்கபாணிக்கு எழுபத்து நான்கு வயது இருக்கும். கல்லூரி நூலகராக இருந்தவர். இடுப்பில் வேட்டி, வெற்று மார்பில் பூணூல், நெற்றியில் திருமண். என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரத்துக்கு டாக்டர் ஆத்துக்கே வந்துட்டார். மனுஷாளுக்குன்னா டோக்கன் வாங்கிண்டு நாலு மணி நேரம் உக்காரணும்."

"என் பேஷண்ட் நடக்க மாட்டாங்க சார். அதனால நான்தான் நடக்கணும்."

அவர் சிரித்தார். பல நாட்கள் பயன்படுத்தாத சிரிப்பு என்பது கேட்டவுடன் விளங்கிற்று.

மொட்டை மாடியில் பச்சை வலையின் கீழ்ப் பதினொரு மரங்கள் நின்றன. ஆல், அரசு, அத்தி என ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். அனைத்தும் நலமாக இருந்தன. அவற்றை வளர்த்தவர் சாரங்கபாணியின் மனைவி கோதைநாயகி. நுரையீரல் நோயால் ஏப்ரல் மாதம் காலமானவர்.

பன்னிரண்டாவது மரம் பின்கட்டு அறைக்குள் இருந்தது.

அறையின் ஜன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்டிருந்தன. ஈர மண்ணின் வாடையும் வேப்பெண்ணெய் வாடையும் வீசின. அவற்றின் அடியில், மருத்துவமனைகளில் மட்டுமே உணரக்கூடிய ஸ்பிரிட்டின் வாடை மெல்லியதாகக் கலந்திருந்தது. ஒரு கட்டில், மடித்து வைத்த போர்வை, கட்டிலின் தலைமாட்டில் ஒரு மேசை. மேசையின் மீது அந்த இச்சி மரம். ஆலுக்கும் அத்திக்கும் உறவான இச்சி, சுவர் வெடிப்பில்கூட முளைத்து வாழும் உறுதி படைத்தது. ஆனால் இம்மரமோ பாதி இலைகளை உதிர்த்துவிட்டு நின்றது.

அதன் ஏழு கிளைகளிலும் அலுமினியக் கம்பி சுற்றப்பட்டிருந்தது.

கிளையை விரும்பிய வடிவிற்கு வளைக்கக் கம்பி சுற்றுவது எங்கள் தொழிலில் வழக்கம். கிளை பருக்கத் தொடங்கும் முன்னர் அக்கம்பியை நறுக்கி எடுத்துவிட வேண்டும். தவறினால் பட்டை கம்பியின் மீது வளர்ந்து அதை விழுங்கத் தொடங்கும். இதனை நாங்கள் 'கம்பி கடிப்பது' என்போம். தொட்டியில் செருகியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது: 'சுற்றியது மார்ச் 9. எடுக்க வேண்டியது ஜூன் 9.'

ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. சில இடங்களில் கம்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தில் கயிறு இறுகியதுபோல் பட்டை இருபுறமும் பிதுங்கியிருந்தது.

"உரம் போடுங்கோ, மண்ணை மாத்துங்கோ, என்ன வேணா பண்ணுங்கோ," என்றார் சாரங்கபாணி. "கம்பியை மட்டும் தொடப்படாது."

"கம்பிதான் சார் வியாதியே."

"அவ கையால கடைசியா சுத்தினது. ஒரு சுத்துக்கு ஒரு தரம் நின்னு மூச்சு வாங்கிண்டு சுத்தினா."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. மேல்மண்ணைக் கிளறத் தொடங்கினேன். அப்போதுதான் அவ்வொலி என் செவியில் விழுந்தது.

மெல்லிய விசில் போன்ற ஓர் ஒலி. உள்ளே இழுபட்டது. பாதியில் தடைபட்டது. நெடுநேரம் கழித்து வெளியேறியது.

மின்விசிறியைப் பார்த்தேன். அது சுழலவில்லை.

"பக்கத்துல ஃப்ரிட்ஜ் ஏதும் ஓடுதுங்களா சார்?"

"ஏன்?"

"ஏதோ இழுக்கிற மாதிரி சத்தம் வருதே."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது குழப்பம். அங்கு தோன்றியதோ மகிழ்ச்சி. கண்கள் நிறைந்தன.

"உங்களுக்கும் கேக்கறதா?" என்று கிசுகிசுத்தார்.

என் கை மண்ணிலேயே நின்றுவிட்டது.

மரத்திற்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில், உட்புறத்தில், ஒரு முகத்தின் உயரத்தில் ஆவி படிந்தது.

மறைந்தது.

மீண்டும் படிந்தது.

எங்கள் இருவரையும் தவிர அறையில் எவரும் இல்லை. நாங்கள் இருவரும் ஜன்னலிலிருந்து எட்டடி தொலைவில் இருந்தோம்.

"ஜூன் மாசத்துலேந்து கேக்கறது," என்றார் அவர். "மாலினி வந்திருந்தா. அவளுக்குக் கேக்கலை. மொதல்ல லேசா இருந்தது. கம்பி கடிக்கக் கடிக்க நன்னா கேக்க ஆரம்பிச்சுது. நான் ராத்திரி இங்கேயேதான் படுத்துக்கறேன்."

"அப்ப இது எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சார் கம்பியை எடுக்க விடல?"

"எடுத்தா போயிடுவாளே, வீரமலை." அவர் குரல் குழந்தையின் குரல்போல் உடைந்தது. "அம்பது வருஷம். ஒரு நாள் என்னை விட்டுட்டு அவ தனியா சமயபுரம்கூடப் போனதில்லை."

இறந்தவர்களைப் பற்றி எடுத்துரைக்கும் தகுதி எனக்கில்லை. மரத்தைப் பற்றி மட்டுமே நான் அறிவேன். ஆகவே நான் அறிந்ததைக் கூறினேன்.

"சார், இந்த வாரத்துக்குள்ள எடுக்கலன்னா மரம் செத்துடும். அதைக்கூட விடுங்க. அவங்களுக்கு மூச்சு முட்டுது சார். கேக்குறீங்கள்ல? மூச்சு முட்டுது."

அவர் கட்டிலில் அமர்ந்தார். ஒலி இழுபட்டது. தடைபட்டது. இம்முறை அது வெளியேறவே நெடுநேரம் ஆயிற்று. அவர் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். ஐந்து மாதங்களாக அவர் ஆசையுடன் செவிமடுத்த ஒலி அது.

"எடுத்துடுங்கோ," என்றார்.

கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். இறுகிய கம்பியை ஒருபோதும் சுழற்றி அவிழ்க்கலாகாது, கிளை முறிந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே நறுக்கவேண்டும். முதல் சுற்றை நறுக்கியபோது பட்டை கிழிந்து வெண்பால் பொங்கி வழிந்தது. கண்ணாடியில் படிந்திருந்த ஆவி சற்றே அகன்றது.

இரண்டாம் கிளை. மூன்றாம் கிளை. என் விரல்கள் பாலில் பிசுபிசுத்தன. ஒவ்வொரு கிளை விடுபடும்போதும் அம்மூச்சு சற்று நீண்டது. ஆறாம் கிளை முடிந்தபோது, உறங்கும் ஒருவரின் மூச்சைப்போல் அது சீரடைந்திருந்தது. என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆயினும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்போல் எனக்கும் தோன்றிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

"கடைசியை நான் பண்றேன்," என்று சாரங்கபாணி எழுந்து வந்தார்.

மேசையின் எதிர்ப்புறம் நின்று, ஏழாம் கிளை அசையாதவாறு இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். மூன்று முறை அவர் கையிலிருந்து பிளேயர் நழுவியது.

"கோதே," என்றார் மெதுவாக. "நன்னா மூச்சு விட்டுக்கோ."

கம்பி தெறித்து விழுந்தது.

ஒரு நீண்ட, முழுமையான மூச்சு அறை முழுவதும் பரவியது. எங்கும் தடைபடவில்லை. சாத்திய ஜன்னல்களுக்குள்ளே மரத்தின் எஞ்சிய இலைகள் அனைத்தும் ஒருசேர அசைந்து அடங்கின. பின்னர் அது மீண்டும் எழவில்லை. எத்தனை உற்றுக் கேட்டும் எழவில்லை.

சாரங்கபாணி மேசையில் தலை கவிழ்த்து அழுதார். ஏப்ரல் மாதத்திற்குப் பிறகு அவர் அழுவது அதுவே முதல் முறை என்று பின்னர் கூறினார்.

சற்று நேரத்தில் தலையை உயர்த்தினார்.

"நீங்களா தட்டிக் கொடுத்தேள்?"

"என்னங்க சார்?"

"என் முதுகுல."

நான் இன்னமும் எதிர்ப்புறத்திலேயே நின்றிருந்தேன். என் இரு கைகளும் கிளையை விட்டு அகலவில்லை.

"நான் இல்லைங்க சார்."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகத் திரும்பி, மாதக்கணக்கில் சாத்தியிருந்த ஜன்னலைத் திறக்கச் சென்றார். அப்போதுதான் அவருடைய வெற்று முதுகைக் கண்டேன். தோள்பட்டைகளுக்கு நடுவே, அவர் கை எட்டாத இடத்தில், இச்சிப் பாலில் தோய்ந்த ஒரு சிறிய கையின் தடம் வெண்மையாக ஈரத்துடன் மின்னியது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மனமின்றி ஒருவர் கையை விலக்குவதுபோல், சுண்டுவிரலின் தடம் முதலில் மறைந்தது. அடுத்து மோதிரவிரல். அதன்பின் நடுவிரல். பின்னர் உள்ளங்கையுடன் சேர்ந்து ஆள்காட்டிவிரல்.

பெருவிரலின் தடம் மட்டும் மறையவே இல்லை.