பச்சை எரிகிற இடம்

முந்தின நாள் வரைக்கும் கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்தால் பச்சையாக எரிந்த விளக்கு, அன்று காலை அதே இடத்தில் சிவப்பாக நின்றது. ஆர்த்தி ரவுட்டரைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். முந்தானையால் துடைத்தாள். சிவப்புதான். வெளியே மேகம்கூட இல்லை. சோளக்காட்டின் மேல் வெயில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற சாலையில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அவர்கள் குடிவந்த வாடகை வீடு. புதுசு. சுவரிலிருந்து பூச்சு வாசனைகூட இன்னும் போகவில்லை. கணவன் ரஞ்சித்குமாருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்க அவள் ஒருத்திதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது, தரைக்கடியில் யாரோ ஒரு பெரிய கதவைச் சாத்தின மாதிரி சத்தம் வந்து உள்ளங்காலில் முட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் காக்காகூடக் கத்தாது.

சிங்கப்பூரில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லித் தருகிற வேலை அவளுக்கு. கல்யாணமானதிலிருந்து சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அதற்குள் இரண்டு வகுப்பு பாதியில் அறுந்து போயிருந்தது. "இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு வேற டீச்சரப் போட்டுடுவோம்மா" என்று சென்னையிலிருந்து லீலாவதி மேடம் சொல்லிவிட்டார். கேபிள் நெட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் வரமாட்டோம் என்றார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற பிரசாத்திடம்தான் இந்த சிம் போடுகிற ரவுட்டரை வாங்கினாள். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. பேட்டரியிலேயே ஓடும்.

"ஒரே எடத்துல வச்சுட்டு வரலை வரலைங்காதீங்க மேடம். கையில எடுத்துக்கிட்டு வூடு முழுக்க நடந்து பாருங்க. எங்க பச்சை எரியுதோ அங்க வைங்க. நெட்டு பறக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

எனவே நடந்தாள். கூடம் சிவப்பு. படுக்கையறை சிவப்பு. சமையலறை வாசல்படியில் பளிச்சென்று பச்சை. அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அன்றைய வகுப்பை முடித்தாள்.

மறுநாள் சமையலறை வாசலில் சிவப்பு. பச்சை, பின்னறையில் பீரோவை ஒட்டி எரிந்தது. அதற்கு அடுத்த நாள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே.

பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

"தினம் எடம் மாறுதே தம்பி?"

"டவரு எங்கயும் போவாதே மேடம். பீரோ, தண்ணித் தொட்டி, ஆளுங்க குறுக்க நின்னா சிக்னல் கொறையும். அதான் உண்டு."

"கொறையல. ஒரு எடத்துல மட்டும் கூடுது."

கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்கிற குரல் கேட்டது. "கூடுனா நல்லதுதானே மேடம்" என்றான்.

நல்லதுதான். வகுப்பு அறுபடவே இல்லை. பிள்ளைகளின் முகம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தெளிவாக வந்தது. ஆனாலும் ஆர்த்தியால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சமைக்கிறபோது பாதியில் வந்து ரவுட்டரைப் பார்ப்பாள். துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டே பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். அந்தப் பச்சை எவ்வளவு தூரத்துக்கு எரிகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் முற்பகலில் பார்த்தாள். ரவுட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டிலோரம் குனிந்து, தரையிலிருந்து ஆரம்பித்தாள். தரையில் பச்சை. இரண்டு விரற்கடை விலக்கினால் மஞ்சள், இன்னும் விலக்கினால் சிவப்பு. மெல்ல மேலே தூக்கினாள். முழங்கால் உயரத்திலும் பச்சை, இடுப்பு உயரத்திலும் பச்சை, அதே அகலம்தான். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அகலம் கொஞ்சம் கூடியது. இந்தப் பக்கம் ஒரு ஓரம், அந்தப் பக்கம் ஒரு ஓரம். அதற்கு மேலே சட்டென்று குறுகியது. ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் மறுபடி உருண்டையாக விரிந்தது. அவள் தலைக்கு ஒரு கை மேலே போனதும் சிவப்பு.

கையை இறக்கி, அந்த உருண்டைக்கு நேராக மறுபடி பிடித்தாள். பச்சை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தோள் எது, கழுத்து எது என்று.

நனைந்த சுண்ணாம்பின் வாசம் வந்தது. விளக்கு பச்சையிலேயே நின்றது.

கூடத்துக்கு ஓடி வந்து வாசல்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சாலையில் ஒரு டிராக்டர் போனது. ஓட்டினவர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். உலகம் அதுபாட்டுக்கு இருந்தது. லேப்டாப்பில் மணி அடித்தது. வகுப்பு தொடங்கப்போகிறது. பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா...

அவள் பின்னறைக்குப் போனாள். ஸ்டூலைத் தள்ளி அந்த இடத்தை ஒட்டிப் போட்டாள். ரவுட்டரை வைத்தாள். கதவுப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். வகுப்புக்கு முன்னால், பூனை எங்கே சுருண்டு கிடக்கிறது என்று தேடுகிற மாதிரி, அது எங்கே நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பாள். பக்கத்தில் ரவுட்டரை வைப்பாள். மனுஷ மனசு எதற்குத்தான் பழகாது. "உங்க வகுப்புதான் இப்ப முதல்ல நிக்குது" என்றார் லீலாவதி மேடம். அந்த வாரம் முழுக்க ஆர்த்தி சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

கொஞ்ச நாளில் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அவள் பாடம் நடத்துகிற மேசை மேல் எங்கே வைத்தாலும் பச்சை.

ரஞ்சித்துக்கு லீவு வந்த அன்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா, பாத்துருவோம்" என்று அவளையும் கூட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தான்.

"கூடத்துல பச்சை. இங்க பச்சை. இங்கயும் பச்சை. எல்லா எடத்துலயும்தான் எரியுது ஆர்த்தி. நீ தனியா கெடந்து என்னத்தையோ நெனச்சுக்குற."

"நீங்க மட்டும் கொல்லைப்பக்கம் போயிப் பாருங்க."

போனான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். "இங்க சிவப்பு." சமையலறைக்குள் வந்தான். "இங்கயும் சிவப்பு. இப்பத்தான பச்சையா இருந்துச்சு?" கூடத்தில் அவள் நின்ற இடத்துக்கு வந்தான். பச்சை. ரவுட்டரை அவள் தலைக்கு மேல் சுற்றிக் காட்டிச் சிரித்தான். "டவரே நீதான் போலருக்கு."

அவள் முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் மட்டும் தெரியவா போகிறது.

மறுநாள் வகுப்பில் திருக்குறள். பாடம் முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக இருந்த சின்னப் பெண், "பை டீச்சர்" என்று கையாட்டினாள். பிறகு கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கி, இன்னொரு தடவை, மரியாதையாக, "பை" என்றாள். திரை அணைந்தது. கறுத்த திரையில் ஆர்த்தியின் முகம் மட்டும். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விழுந்து கிடந்த முடிக்கற்றை மெல்ல நகர்ந்தது. நகர்ந்து, பக்குவமாக, அவள் காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது.

மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் இல்லை.

அன்று சாயங்காலமே பெரம்பலூர் பஸ் ஏறினாள். அக்கா மணிமொழிக்கு உடம்பு முடியவில்லை என்று ரஞ்சித்திடம் பொய் சொன்னாள். லீலாவதி மேடத்திடம் லீவு கேட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பருத்த அம்மாள் வந்து நெருக்கி உட்கார்ந்தாள். அந்த நெரிசல் ஆர்த்திக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மல்லிகையும் வியர்வையும் டீசலும் கலந்த வாசத்தை ஆசையாக மூச்சில் இழுத்தாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சாலையில் புழுதி. ஆள் யாரும் இல்லை.

அக்கா வீடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நாலாபக்கமும் மாடிக் கட்டடங்கள் நெருக்கிய சந்தில் இருந்தது. போன் பேச வேண்டுமென்றாலே தெருவுக்கு வர வேண்டும். அக்காவின் மகள் கயல்விழி பையைக் குடைந்து ரவுட்டரை வெளியே எடுத்தாள். வேலைக்கு வேண்டியிருக்குமே என்று ரஞ்சித் போட்டு அனுப்பியிருந்தான்.

"சித்தி, ஆன் பண்ணட்டா?"

வேண்டாம் என்பதற்குள் போட்டுவிட்டாள். சிவப்பு.

ஆர்த்தி ரவுட்டரை வாங்கித் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிவப்பு. சிவப்பு. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்னடி லூசு மாதிரி" என்று அக்காவும் சிரித்தாள். அன்று ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். மறுநாள் பகலும் தூங்கினாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த கயல், ரவுட்டரோடு தெருவாசலில் நின்றிருந்தாள்.

"சித்தி, இங்க மஞ்சள் வருது."

ஆர்த்தி தட்டிக்கொண்டிருந்த தலையணையைக் கீழே வைத்தாள். அரியலூர் எங்கே, பெரம்பலூர் எங்கே. பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம். நடந்து வந்தால்?

"அணைச்சு வை கயல்."

"இருங்க சித்தி, நல்லா வருது." அவள் நடைக்குள் வந்தாள். "உள்ளயும் மஞ்சள்."

"அணைன்னு சொல்றேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை முகம் சுருங்கி ரவுட்டரை அணைத்தாள். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்டி பிள்ளையத் திட்டுற? மாமா வந்துட்டாரு பாரு. வாங்க, சாப்புடலாம்." அக்கா வீட்டுக்காரர் முத்தமிழ்செல்வன் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாமா. அவருக்குப் பக்கத்தில் கயல். அப்புறம் ஆர்த்தி. அக்கா எல்லாரும் சாப்பிட்ட பிறகு உட்காருகிறவள். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் மணத்தன. அதையும் மீறி ஒரு வாசம்.

நனைந்த சுண்ணாம்பு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு பாப்பா" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். கயல் தள்ளி உட்கார்ந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஆர்த்திக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

அக்கா தட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மாமாவுக்கு. கயலுக்கு. ஆர்த்திக்கு. நின்றாள். "ஒண்ணு கொறையுதே" என்று முணுமுணுத்தாள். உள்ளே போனாள். இன்னொரு தட்டோடு வந்து அந்த இடைவெளியில் வைத்தாள்.

"அக்கா."

"இருடி."

சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அடுத்த தட்டுக்குப் போனாள். மாமா சாப்பிட ஆரம்பித்தார். கயல் சாப்பிட்டாள். விசிறி சுற்றியது. யாரும் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை.

ஆர்த்தி பார்த்தாள்.

சோற்றின் நடுவில் பள்ளம் விழுந்தது. நாலு விரல் அகலம். பள்ளம் மெல்லப் புரண்டது. குழம்பு சோற்றில் ஏறிச் சிவந்தது. பிசைகிறது. அவசரமே இல்லை. குழந்தைக்குப் பிசைகிற மாதிரி, கருவாட்டு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தது.

ஒரு கவளம் உருண்டது.

எழும்பியது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைச் சுற்றி ஏதோ கனமாக, அன்பாக, அணைத்துப் பிடித்திருந்தது. கவளம் காற்றில் மிதந்து வந்து அவள் உதட்டுக்கு நேரே நின்றது. காத்திருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு அவள் மடியில் விழுந்தது.

சூடாக இருந்தது.