கோவில்பட்டி தாண்டியாச்சு

ஆடித் தள்ளுபடி பிறந்தால் நெல்லையில் பாதிப் பேர் இதயத்தை ஓட்டும் பட்டையை மாற்றிக்கொள்வார்கள். பேச்சிக்கனியின் பட்டை அந்த வருஷம் ஆனியிலேயே அறுந்துவிட்டது. மாற்றுப்பட்டை மதுரையில் சரக்குக் கிட்டங்கியில் இருந்தது. நெல்லையில் ஒன்று வாங்கி வைத்தால் என்ன கேடு? வைக்கமாட்டார்கள். வான்கூலி பறக்கும்போது எதற்கு என்பார்கள்.

வான்கூலி என்பது ஆளில்லாமல் பறக்கும் பெட்டி. தரையில் நூற்று அறுபது கிலோமீட்டர், வானத்தில் நூற்று நாற்பது. இருபத்தைந்தே நிமிஷம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்தது.

பேச்சிக்கனி மூன்று மணி நேரம் தாங்குவாள் என்றார் மருத்துவர்.

அவள் புருஷன் தளவாய் காதுக்குள் பதித்த செவிப்பொட்டில் மச்சினன் பிச்சாண்டி பேசினான். அவன் மதுரையில் கிட்டங்கி வாசலில் காரோடு நின்றான்.

"அத்தான், பட்டைய எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. ரெண்டரை மணி நேரத்துல வந்துருவேன்."

"இரு மாப்ளே, அதக் கேட்டுக்கிடுதேன்."

வான்கூலியைக் கூப்பிட்டார். பணிவான குரல் வந்தது.

"கிளம்பிட்டேன்ணே. வந்துக்கிட்டே இருக்கேன்."

தளவாய்க்கு உயிர் வந்தது. மச்சினனிடம், "அது கிளம்பிருச்சாம்லே. நீ சாப்பிட்டுட்டு மெதுவா வா" என்றார்.

ஒரு மணி நேரம் போயிற்று. மறுபடி கூப்பிட்டார்.

"கோவில்பட்டி தாண்டியாச்சுண்ணே. ஒரு டீக்குக்கூட நிறுத்தல."

அதை அப்படியே மனைவியிடம் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"ஏங்க, பறக்குறதுக்கு எதுக்கு டீ? இது நீங்க சொல்லுத பொய்யில்லா? முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டுனீங்க. ஒவ்வொரு தடவையும் கோவில்பட்டிதான் தாண்டுனீங்க. நான் சோத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"போட்டீ. மெஷினு பொய் சொல்லுமா?"

இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கோவில்பட்டியைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மணி நேரம் அவள் தாங்கவில்லை. இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விட்டாள்.

அரை மணி கழித்து ஆஸ்பத்திரி மாடியில் பெட்டி இறங்கியது. "இந்தா வந்துட்டேன்லண்ணே!"

மாடிப் பராமரிப்புக்காரி வேணியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார் தளவாய்: "எங்கம்மா இருந்துச்சு இது?"

வேணி ஏட்டுப் பலகையைப் பார்த்தாள். "மதுரை மாடியிலதான்யா. வானத்துல வரிசை, நானூறு பெட்டி நிக்குது."

"அப்ப ஏன் பொய் சொல்லுச்சு?"

"முன்னெல்லாம் உள்ளதத்தான் சொல்லும். 'இன்னும் கிளம்பல'ன்னா ஜனங்க கெட்ட வார்த்தையில ஏசுவாங்க. அப்புறம் இந்த ரோட்டுல ஓட்டுன பழைய லாரி டிரைவருங்க போன் பேச்ச எல்லாம் இதுக்குப் போட்டுக் காட்டுனாங்க. எதச் சொன்னா ஜனங்க பேசாம காத்துக்கிடக்கும்னு அதுவே படிச்சுக்கிச்சு. அதுலயிருந்து ஒரு புகாரும் இல்லய்யா. பேச்சக் கேட்டாப் போதும், புடிச்சுக்கிடும். புதுசா ஒண்ணு படிச்சா அந்தப் பச்சை லைட்டு சிமிட்டும், பாருங்க."

தளவாய் பெட்டியைப் பார்த்தார்.

செவிப்பொட்டு அழைத்தது. வெறுங்கையோடு கிளம்பிய பிச்சாண்டி.

"அத்தான், கோவில்பட்டி தாண்டிட்டேன். நெசமாத்தான். அக்கா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா மாப்ளே. மெதுவா வா."

பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.