கதைக்காத தொண்டர்

"நியமனம் ஒண்டும் கிடையாது. சம்பளமும் இல்ல. மூண்டு வருசம் வந்துபோனாலும் நிரந்தரமாக்க மாட்டம். விளங்குதோ?"

நூலக உதவியாளர் தினுஷா தலையை நிமிர்த்தாமலே ஒப்புவித்து முடித்தாள். காலையிலிருந்து இதே வசனத்தை நாற்பத்து மூன்று பேருக்குச் சொல்லியாகிவிட்டது. பிழை அவளுடையதுதான். 'தொண்டர்கள் தேவை' என்று துறைமுகத்தடி நூலக வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தொண்டர் ஆசிரியராக வருடக்கணக்கில் காத்திருந்து அரச நியமனம் வாங்கியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரல்லவா… மூதூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் சான்றிதழ்க் கோப்போடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அவளுக்கு வேண்டியதோ ஒரே ஒருவர். காது கேளாத ஒன்பது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சைகை மொழியில் கதை சொல்ல ஒருவர். அந்த முக்கியமான விஷயத்தை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தாள், கெட்டிக்காரி.

நாற்பத்து நாலாவது ஆள் மேசையை விட்டு நகரவில்லை. நிமிர்ந்தாள்.

துறைமுக வேலைச் சட்டை… மழையில் தோய்ந்த தலைமுடி… இமை நுனியில் விழவா வேண்டாமா என்று நிற்கும் ஒரு துளி. அதற்குக் கீழே அந்தக் கண்கள். கோபத்தில்கூட ஒருவருக்குக் கண் இவ்வளவு வடிவாக இருக்குமா என்ன?

"எனக்கு வேலை இருக்குது, மிஸ்," என்றான் அவன் மெதுவாக. "நான் உங்களிட்ட வேலை கேட்டு வரேல்ல."

விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போயே போய்விட்டான்.

அவள் எடுத்துப் படித்தாள். பெயர் திலக்சன். ஊர் திரியாய். துறைமுகத்தில் மின்வேலை. திறமை: சைகை மொழி. அக்காவுக்குக் காது கேளாது, சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சே அதுதான்…

தினுஷாவின் முகத்தில் ஈயாடவில்லை.

உடனே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். போன் எடுத்தாள்தான், ஆனால் அந்த ரோஷம் பிடித்த வாயிலிருந்து வந்தது வேறு. "உங்கட விண்ணப்பம் தெரிவாகியிருக்கு. ஒரு மாதத் தவணை. பிறகு விரும்பினால் நீடிக்கலாம்."

"பிள்ளையளுக்காக வாறன்," என்றான். "உங்களோட கதைக்க எனக்கு ஒண்டும் இல்ல."

வந்தான். சொன்னபடியே நடந்தான். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து, தேநீருக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கைகள் எழும்பினால்… அப்பப்பா! நண்டு ஓடும், படகு ஆடும், ராசாவின் மீசை காற்றில் பறக்கும். ஒன்பது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்க, புத்தக அலுமாரிக்குப் பின்னால் நின்று பத்தாவதாக இவளும் சிரித்தாள்.

"பிள்ளை, நீ தொண்டரின்ர வேலையைப் பார்க்கிறியோ, தொண்டரைப் பார்க்கிறியோ?" என்று கேட்டார் நூலகர் றீற்றா.

"மேற்பார்வை செய்யிறன், மிஸ்."

"ஓம், ஓம். கண் வெட்டாமல் செய்யிறாய்."

மூன்றாம் சனிக்கிழமை, தொண்டர் கருத்துப் படிவத்தைக் கொடுத்தாள். எல்லாம் நிரப்பித் தந்தவன் ஒரு வரியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். 'தொடர விருப்பமா?'

அவன் போனால் பிள்ளைகளுக்குக் கதை இல்லை. அவளுக்கு… சனிக்கிழமையே இல்லை. இன்னும் ஒரு கிழமைதான். இனியும் ரோஷம் பார்த்தால் அவளைப்போல மடைச்சி உலகத்தில் கிடையாது.

அவனுடைய மொழியிலேயே மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தாள். கதை கேட்க வரும் கிண்ணியாச் சிறுமி மின்ஹா எழுத்து வாசிப்பாள். 'மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதைக் கையால் எப்படிச் சொல்வது?' என்று தாளில் வடிவாக எழுதிக் காட்டினாள். மின்ஹா தாளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தூரத்தில் நின்ற திலக்சனைப் பார்த்தாள். பிறகு வலு பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தாள். தினுஷா ஒரு கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினாள்.

நாலாம் சனிக்கிழமை. வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கதை முடிந்ததும் அவன் முன்னால் போய் நின்றாள். பழகியதை அப்படியே செய்து காட்டினாள்.

உடனே ஒன்பது பிள்ளைகளும் மேசையில் தட்டோ தட்டென்று தட்டினார்கள். மின்ஹா கதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். திலக்சனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"இப்ப என்ன சொன்னீங்கள் எண்டு தெரியுமோ?"

நாலு கிழமைக்குப் பிறகு அவன் அவளோடு பேசிய முதல் வசனம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு…"

"இல்ல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு எண்டு சொன்னீங்கள்."

தினுஷா கதிரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மின்ஹாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மின்ஹான்ர வேலை, எனக்கு விளங்குது," என்றான் அவசரமாக. "நான் ஒண்டும் நினைக்கேல்ல. ஆனா… நான் கோவத்திலதான் கதைக்காமல் இருந்தனான் எண்டு நீங்கள் நினைக்கக்கூடாது. முதல் கிழமை கோவம்தான். மிச்சம் மூண்டு கிழமையும்… வாயைத் திறந்தால் இதைத்தான் சொல்லிப்போடுவன் எண்ட பயம்."

"அப்ப அந்தப் படிவம்?"

"ஓம் எண்டு எழுதப் போனனான். பிள்ளையளுக்காக எழுதுறனோ உங்களுக்காக எழுதுறனோ எண்டு எனக்கே தெரியேல்ல. அதான் விட்டனான்."

அவள் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். கோபம் துளியும் இல்லாதபோது அவை இன்னும் மோசம்.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை, திலக்சன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். ஆனா இப்ப சொன்னதுக்கு… கேக்க ஏலாது."

கைகளை மெல்ல உயர்த்தினாள். அதையே மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை, அர்த்தம் தெரிந்து.